கொலிசியத்துக்கு விடை: ஓர் ஓக்லாந்து ரசிகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலுள்ள கொலிசியத்தில் அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி 57 ஆண்டுகள் ஆடியது. 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே கடைசி ஆட்டமும் முடிந்தது. பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில் வசிக்கும் எனக்கு அது வீட்டுத் துக்கம் போலத்தான். அன்று முதல் நண்பர்களும் உறவினர்களும், அதிலும் கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள், கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கொலிசியம் எப்படிப்பட்ட மைதானம்?

1966-இல் திறந்த வட்டமான கான்கிரீட் அரங்கம். அமெரிக்கக் கால்பந்து அணியான ரெய்டர்ஸும் பேஸ்பால் அணியான அத்லெட்டிக்ஸும் பல காலம் அதைப் பங்குபோட்டுக்கொண்டன. ரசிகர்கள் அத்லெட்டிக்ஸைச் சுருக்கமாக ‘ஏஸ்’ என்பார்கள். ஆடுகளம் கடல் மட்டத்துக்கு 21 அடி கீழே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அரங்கத்தின் உயரமே தெரியாது. வாசலில் நுழைந்து கீழ்நோக்கிப் படியிறங்கினால்தான் பச்சைப் புல்வெளி கண்ணில் படும்.

பேஸ்பாலில் பந்தை 360 டிகிரியிலும் அடித்து ஓட முடியாது. இரண்டு கோடுகளுக்கு இடையே விழுந்தால்தான் ஓட்டம். வெளியே போனால் ‘ஃபவுல்’. ஆனால் ஃபவுலாக உயரப் போன பந்தைத் தரையில் படுமுன் பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். மற்ற மைதானங்களில் அந்தப் பந்து பார்வையாளர் மடியில் விழும். கொலிசியத்தில் கோடுகளுக்கு வெளியே அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கிலேயே மிகப் பெரிய ஃபவுல் பகுதி அது. மட்டையாளர்கள் அந்த மைதானத்தைச் சபித்தார்கள், பந்து வீசுபவர்கள் கொண்டாடினார்கள். இரவு ஆட்டங்களில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் குளிர்காற்று வேறு சேர்ந்துகொள்ளும். நன்றாக அடிபட்ட பந்துகூட வேலிக்கு முன்பே சோர்ந்து விழுந்துவிடும்.

அழகான மைதானமா?

இல்லை. பழைய படங்களைப் பார்த்தால் ஒரு காலத்தில் அழகாகத்தான் இருந்தது என்று தெரிகிறது. எதிர்ப்புறம் தாழ்வான பெஞ்சுகள், செடி படர்ந்த சரிவு, அதற்கு மேலே ஓக்லாந்தின் குன்றுகள். நான் போக ஆரம்பித்தபோது அதெல்லாம் மறைந்துவிட்டது.

அந்தக் குன்றுகளை மறைத்தது எது?

‘மவுன்ட் டேவிஸ்’. லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிருந்த ரெய்டர்ஸ் அணி 1995-இல் ஓக்லாந்துக்குத் திரும்பியது. அவர்களுக்காகவே எழுப்பிய ராட்சத இருக்கைத் தொகுதி அது. அணியின் உரிமையாளர் அல் டேவிஸின் பெயரால் ரசிகர்கள் அதை மலை என்று அழைத்தார்கள். 1996 பருவம் தொடங்கியபோது வேலை முடியாததால் அத்லெட்டிக்ஸ் தன் முதல் ஆறு உள்ளூர் ஆட்டங்களை லாஸ் வேகாஸில் போய் ஆடியது. அணி பிற்பாடு அதே லாஸ் வேகாஸுக்கே போக முடிவெடுத்தது என்று தெரிந்த இன்று அதைப் படிக்கும்போது மனம் கசக்கிறது.

பேஸ்பாலுக்கு அந்த மலையால் ஒரு பயனும் இல்லை. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் பந்தே தெரியாது. 2006 முதல் மேல் அடுக்கு முழுவதையும் பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ரெய்டர்ஸும் 2020-இல் லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டது. மலை மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

கழிவுநீர், ஒபாசம் என்றெல்லாம் செய்தி வந்ததே, உண்மையா?

உண்மைதான். 2013 ஜூனில் கழிவுநீர் பொங்கி உடை மாற்றும் அறைகளுக்குள் புகுந்தது. இரண்டு அணி வீரர்களும் ரெய்டர்ஸின் அறையில் போய்க் குளிக்க வேண்டியதாயிற்று. 2023-இல் வெளியூர் வர்ணனையாளர்களின் அறையில் ஒபாசம் என்ற காட்டுவிலங்கு ஒன்று குடியேறியிருந்தது. நாடு முழுவதும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டுக்கு 81 உள்ளூர் ஆட்டங்கள் நடக்கும் பொதுக் கட்டடத்தைப் பராமரிக்காமல் விட்டுவிட்டு, பிறகு அதன் நிலையைக் காட்டியே ‘இங்கே ஆட முடியாது’ என்று சொல்வது நியாயமில்லை.

அங்கே நடந்தவற்றில் மறக்கக்கூடாதவை எவை?

ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; மட்டையாளர் ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் ‘பேஸ்’. பந்து வீசுபவர் மட்டை பிடிக்க வரும் 27 பேரையும் வரிசையாக, ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொடவிடாமல் ஆட்டமிழக்கச் செய்தால் அது ‘பெர்ஃபெக்ட் கேம்’. நூற்றைம்பது ஆண்டு மேஜர் லீக் வரலாற்றில் 2024 வரை இருபத்துநான்கே நடந்திருக்கின்றன. அவற்றில் மூன்று கொலிசியத்தில்.

முதலாவது 1968 மே 8. அணி ஓக்லாந்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 22 வயது கேட்ஃபிஷ் ஹன்டர் மினசோட்டாவுக்கு எதிராக அதைச் செய்தார். 4-0 என்று முடிந்த ஆட்டத்தில் மட்டை பிடித்து மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்தவரும் அவரே. ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான் அதை நேரில் பார்த்தார்கள். மூன்றாவது 2023 ஜூனில், நியூயார்க் யாங்கீஸின் டொமிங்கோ ஹெர்மான் எங்களுக்கு எதிராகவே வீசியது. அந்த ஆண்டு எங்கள் அணி 112 ஆட்டங்களில் தோற்றது; அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

இரண்டாவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 2010 மே 9, அன்னையர் தினம். வீசியவர் டாலஸ் பிரேடன். பள்ளியில் படிக்கும்போதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், பாட்டிதான் வளர்த்தார். வலுவான டம்பா பே அணியின் 27-ஆவது ஆள் அடித்த பந்து, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ‘ஷார்ட்ஸ்டாப்’பிடம் போய், அவர் எறிந்து, முதல் பேஸில் முடிந்தது. சற்று நேரத்தில் பாட்டி களத்துக்குள் வந்தார். பேரன் அவரைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, என் வரிசையில் பேஸ்பால் விதிகளே தெரியாத ஒரு குடும்பத்தினரும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு 2002 செப்டம்பர் 4. தொடர்ந்து 19 வெற்றி. இருபதாவது வென்றால், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் சாதனை. கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 11-0 என்று முன்னிலை. அத்தனையும் கரைந்து ஒன்பதாவது இன்னிங்ஸில் 11-11. அதன்பின் மாற்று ஆட்டக்காரராக வந்த ஸ்காட் ஹாட்டபெர்க் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து வெற்றியைத் தந்தார். அன்று 55,528 பேர் இருந்தார்கள். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேறொரு கேள்விக்குத் தேவைப்படும்.

மேஜர் லீக்கின் இறுதித் தொடரான ‘உலகத் தொடர்’ கோப்பைகள் நான்கு: 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று, பின்னர் 1989. அந்த 1989 தொடர், விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் நடந்தது. முதல் இரண்டு ஆட்டங்கள் கொலிசியத்தில். மூன்றாவது ஆட்டம் எதிர்க்கரையில் தொடங்க இருந்த வேளையில்தான் பெரும் நிலநடுக்கம் வந்தது. இந்தப் பகுதியின் பழைய குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள், அந்த நாளைப் பேஸ்பாலோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

ரிக்கி ஹெண்டர்சன் யார்? ஏன் எல்லாரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

ஓக்லாந்தில் வளர்ந்து, ஓக்லாந்துப் பள்ளியில் படித்து, ஓக்லாந்துக்கு ஆடியவர். பந்து வீசுபவர் அசந்த கணத்தில் ஓர் ஆட்டக்காரர் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதை ‘ஸ்டீல்’ என்பார்கள். ரிக்கி தன் வாழ்நாளில் அதை 1,406 முறை செய்தார். அடுத்த இடத்தில் இருக்கும் லூ பிராக் 938. அவரை ரிக்கி முந்தியது 1991 மே 1 அன்று, இதே கொலிசியத்தில். மூன்றாவது பேஸை நோக்கித் தலைகுப்புறப் பாய்ந்து, அந்தப் பேஸையே பெயர்த்தெடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

2017-இல் ஆடுகளத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மைதானத்தின் கடைசி நாளில் தொடக்கப் பந்தை எறிந்தவர்கள் அவரும் முன்னாள் பந்து வீச்சாளர் டேவ் ஸ்டூவர்ட்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள், 2024 டிசம்பர் 20 அன்று, ரிக்கி காலமானார். இரண்டு இழப்புகளையும் ஒன்றாகத் தாங்க வேண்டியிருந்தது.

அரங்கத்தில் ரசிகர்கள் எழுந்து அமரும் ‘அலை’ அங்கேதான் பிறந்ததா?

கிரேஸி ஜார்ஜ் என்று பெயர்பெற்ற உற்சாகமூட்டி 1981 அக்டோபர் 15 அன்று, யாங்கீஸுக்கு எதிரான ஆட்டத்தில், கொலிசியத்தில் அதை நடத்திக் காட்டினார். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் உரிமை கோருகிறது, ஆனால் அவர்களின் தேதி இரண்டு வாரம் பிந்தியது. என் தீர்ப்பு ஓக்லாந்துக்கே.

நீங்கள் எப்படி அதற்கு ரசிகரானீர்கள்?

மலிவு என்பதால். இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஃப்ரீமான்ட்டில் பார்ட் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் கொலிசியம் நிலையம். அங்கிருந்து தண்டவாளங்களுக்கு மேலாகச் செல்லும் நீண்ட நடைபாலம் நேராக மைதானத்துக்குப் போகும். பாலத்தின் இருபுறமும் தண்ணீர் பாட்டில், வேர்க்கடலைப் பொட்டலம், பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக், பழைய தொப்பிகள் என்று விற்பார்கள். வேர்க்கடலையை வெளியே வாங்கி உள்ளே கொண்டுபோகலாம். குடும்பத்தோடு போய்வந்தாலும் மாதச் சம்பளத்தில் துண்டு விழாது.

வலது மூலையின் பெஞ்சுகளில் முரசு அடிப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தொடக்கத்தில் எனக்கு ஆட்டத்தைவிட அந்தத் தாளம்தான் பிடித்தது. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் எனக்கு முன்வரிசையில் உட்காரும் ஒரு வயதான அம்மா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மடியில் ஸ்கோர் புத்தகமும் பென்சிலுமாக வருவார். களத்தின் ஒன்பது இடங்களுக்கும் எண் உண்டு: பந்து வீசுபவர் 1, பிடிப்பவர் 2, முதல் பேஸ் 3, மூன்றாவது பேஸ் 5, நடுப்புறக் காவலர் 8. பந்து நடுப்புறம் உயர்ந்து பிடிபட்டால் கட்டத்தில் 8 என்று எழுதுவார். ஷார்ட்ஸ்டாப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தால் 6-3. மூன்று நல்ல பந்துகளில் ஒருவர் வெளியேறினால் ‘கே’ என்ற எழுத்து. கடைசிப் பந்துக்கு மட்டையை அசைக்காமலே நின்றுவிட்டிருந்தால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவார். முரசுச் சத்தத்துக்கு நடுவே அழிப்பானால் கவனமாக அழித்து, திருத்தி, பென்சில் தூளை ஊதிவிட்டு, அடுத்த ஆளின் பெயரைப் பார்ப்பார். அந்தக் கட்டங்களைப் படிக்கத் தெரிந்த பிறகுதான், ‘ஒன்றும் நடக்காமல் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறார்கள்’ என்று நான் நினைத்த ஆட்டத்துக்குள் எவ்வளவு நடக்கிறது என்று புரிந்தது.

ஸ்கோர் புத்தகத்தோடு வரும் மூதாட்டி, துறைமுகத் தொழிலாளி, பள்ளிக்கூட வாத்தியார், புதிதாக வந்திறங்கிய மென்பொருள்காரன் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார முடிந்த இடம் இந்த விரிகுடாப் பகுதியில் வேறு எங்கே இருக்கிறது? நான் கொலிசியத்தை நேசித்ததற்குக் காரணம் இதுதான். பளபளப்பான புது மைதானங்களில் அந்த விலையில் அந்தக் கூட்டம் கூடாது.

ரசிகர்கள் வராததால்தானே அணி ஊரைவிட்டுப் போனது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என்னை அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். மேலே சொன்ன 55,528 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு புதன்கிழமை இரவு. அது பழங்கதை என்றால் 2019-ஐப் பாருங்கள். 97 ஆட்டங்களில் வென்று டம்பா பேயுடன் ஒற்றை ஆட்டத் தகுதிச் சுற்று. மலையின் தார்ப்பாயை எடுத்தார்கள்; 54,005 பேர் வந்தார்கள். அந்தச் சுற்றில் அதுவரை எங்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

அதன்பின் நடந்ததைச் சொல்கிறேன். 2022 பருவத்துக்கு முன் மாட் ஓல்சன், மாட் சாப்மன் போன்ற முன்னணி வீரர்களை வரிசையாக வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் விலையோ ஏறியது. அந்த ஆண்டு 102 தோல்வி, அடுத்த ஆண்டு 112. ஊரைவிட்டுப் போகும் பேச்சு ஒருபக்கம் நடந்துகொண்டே இருந்தது. நல்ல ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு, விலையை ஏற்றி, ‘நாங்கள் போகிறோம்’ என்றும் சொல்லிவிட்டு, காலி இருக்கைகளைப் படம் பிடித்துக் காட்டினால் குற்றம் யாருடையது?

அதற்கு ரசிகர்கள் சொன்ன பதில்தான் 2023 ஜூன் 13. புறக்கணிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது; அதைத் தலைகீழாக்கி, ‘எல்லாரும் ஒரே நாளில் வருவோம்’ என்று ரசிகர்களே திட்டமிட்டார்கள். லீக்கிலேயே கடைசி இடத்தில் இருந்த அணியைப் பார்க்க, செவ்வாய்க்கிழமை இரவில், 27,759 பேர் வந்தார்கள். ரசிகர்கள் பணம் திரட்டி அச்சடித்த பச்சைச் சட்டைகளை வாசலில் இலவசமாகக் கொடுத்தார்கள். அணியின் உரிமையாளருக்கு அதில் இருந்தது ஒரே சொல்: ‘விற்றுவிடு’. ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் ஆட்டக்காரர் வந்தபோது அரங்கம் முழுவதும் பேசாமல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியே இருந்தார்கள். அவர் ஆட்டம் முடிந்ததும் ‘அணியை விற்றுவிடு’ என்று எழுந்த முழக்கத்தில் நான் நின்ற பெஞ்சு அதிர்ந்தது. லீக்கின் முதலிடத்தில் இருந்த டம்பா பேயை அன்று 2-1 என்று வென்றோம்.

அதே நவம்பரில் லீக்கின் 30 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக லாஸ் வேகாஸ் இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள்.

ஃப்ரீமான்ட்டுக்கே அணி வருவதாக இருந்ததாமே?

ஆமாம். 2006-இல் எங்கள் ஊரில் புது மைதானத் திட்டத்தை அறிவித்தார்கள். 2009 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அடுத்து சான் ஹோசே. ஜயன்ட்ஸுக்கு அந்த வட்டாரத்தின் மீது இருந்த உரிமை குறுக்கே நின்றது. பிறகு ஓக்லாந்தில் லேனி கல்லூரி அருகே, அதன்பின் துறைமுகத்தில் ஹவார்ட் டெர்மினல். ஒவ்வொரு முறையும் வண்ணப் படங்கள் வெளியாகும், நாங்கள் நம்புவோம்.

இந்த அணியே வேறு ஊரிலிருந்து வந்ததுதானே?

நியாயமான கேள்வி. 1901 முதல் ஃபிலடெல்ஃபியா, 1955 முதல் கேன்சஸ் சிட்டி, 1968 முதல் ஓக்லாந்து. கேன்சஸ் சிட்டியின் குழந்தைகள் அழுதபோதுதான் எங்களுக்கு அணி கிடைத்தது. ஆனால் அந்த ஊருக்கு அடுத்த ஆண்டே புது அணி கொடுத்தார்கள். ஓக்லாந்துக்கு அப்படி எதுவும் தரவில்லை. கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் 2019-இல் எதிர்க்கரைக்கும், ரெய்டர்ஸ் 2020-இல் லாஸ் வேகாஸுக்கும் போன பிறகு, மிஞ்சியிருந்த பெரிய அணி அத்லெட்டிக்ஸ்தான்.

கடைசி நாளன்று எப்படி இருந்தது?

வியாழக்கிழமைப் பகல் ஆட்டம். 46,889 பேர். காலையிலேயே வாகன நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வானொலியில் பழைய ஆட்டங்களின் வர்ணனை, பச்சையும் மஞ்சளுமாகத் தலைமுறை தலைமுறையாகச் சட்டைகள். முன்னாள் பந்து வீச்சாளர் பாரி ஜிட்டோ தேசிய கீதம் பாடினார். டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றோம். மேசன் மில்லர் வீசிய பந்தை டிராவிஸ் ஜன்கௌஸ்கி தரையோடு அடிக்க, மூன்றாவது பேஸில் மேக்ஸ் ஷூமன் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தார். ஸ்கோர் புத்தகத்தில் 5-3.

யாரும் வெளியே போகவில்லை. மேலாளர் மார்க் காட்சே, தானும் ஒரு காலத்தில் இங்கே ஆடியவர், ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி நன்றி சொன்னார். பிறகு ‘லெட்ஸ் கோ ஓக்லாந்து’ முழக்கத்தை அவரே தொடங்கிவைத்தார். களப் பணியாளர்களிடம் கெஞ்சி, காகிதக் கோப்பையில் செம்மண் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பணியாளர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கால்பந்தும் பேஸ்பாலும் மாறி மாறி மிதித்த தரையை, ஓட்டைக் கட்டடத்துக்கு நடுவே, லீக்கில் மெச்சப்பட்ட புல்வெளியாக வைத்திருந்தவர்கள் அவர்கள்.

சாக்ரமென்டோவுக்குப் போய் அந்த அணியைப் பார்ப்பீர்களா?

லாஸ் வேகாஸ் மைதானம் தயாராகும் வரை, 2025 முதல் அங்கே ஒரு சிறிய மைதானத்தில் தற்காலிகமாக ஆடுகிறார்கள், ஊர்ப் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல். ஆட்டக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போகமாட்டேன்.

ஜயன்ட்ஸ் ரசிகராக மாறிவிடலாமே?

முடியாது. இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.

அப்படியானால் கோடையில் என்ன செய்கிறீர்கள்?

ஓக்லாந்து பாலர்ஸ் ஆட்டத்துக்குப் போகிறேன். அணி போவது உறுதியான 2023-இலேயே தொடங்கிய சிறு லீக் அணி. 2024 முதல் மேற்கு ஓக்லாந்தின் ரைமொண்டி பூங்காவில் ஆடுகிறது. ‘ஏஸ்’ போனதால் இவர்களை ரசிகர்கள் ‘பீஸ்’ என்கிறார்கள். பூங்கா சிறியது, ஆட்டத்தின் தரமும் மேஜர் லீக்குக்கு வெகு கீழே. ஆனால் கொலிசியத்தின் பழைய முகங்கள் பலவற்றை அங்கே பார்க்கலாம். 2025-இல் தங்கள் லீக்கின் கோப்பையையும் வென்றார்கள். 1989-க்குப் பிறகு ஓக்லாந்துக்குக் கிடைத்த முதல் பேஸ்பால் கோப்பை அது. வர விரும்பினால் சொல்லுங்கள், ஸ்கோர் எழுதக் கற்றுத்தருகிறேன். பென்சில் கொண்டுவாருங்கள், பேனா வேண்டாம்.